ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு: எங்கே நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள்

பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸுக்கு விடலாமா என்று கேட்கும் பெற்றோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்போது குறைவில்லை. அவர்கள் அடுத்து விசாரிப்பது மூன்று விஷயம்: மாதம் எவ்வளவு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே பழகிய பிள்ளைகள் எத்தனை பதக்கம் எடுத்தார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் அந்தக் கழகம் நல்லதா என்பது தெரியவராது. இந்த விளையாட்டு கடந்த ஐம்பது வருடத்தில் கண்ட விபத்துகளையும் விசாரணைகளையும் வாசித்துவிட்டு, கொழும்பு வகுப்புகள் சிலவற்றின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு ஒரு கேள்வியே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. இந்தப் பயிற்றுநர் ஒரு பிள்ளையை எந்த இடத்தில் நிறுத்துகிறார்? வலிக்கிறது என்றால் நிறுத்துகிறாரா, பயமாக இருக்கிறது என்றால் நிறுத்துகிறாரா, இன்னும் தயாரில்லை என்று தானாகவே கண்டு நிறுத்துகிறாரா?

இலங்கையில் இந்த ஆர்வத்துக்கு ஒரு முகம் உண்டு. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், ஜூடோ வீரர் சாமர நுவன் தர்மவர்தனவுடன் சேர்ந்து இலங்கைக் கொடியை ஏந்திச் சென்றவர் மில்கா கெஹானி. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இந்த நாட்டின் சார்பில் பங்குபற்றிய முதல் ஆள் அவர். 2018இல் புவனஸ் அயர்சில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கிலும் அவர் பங்குபற்றியிருந்தார். ஜப்பானில் பயிற்சி பெற்று அந்த நிலைக்கு உயர்ந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உள்ளூரில் உச்சநிலைப் பயிற்சிக்கு இருக்கும் வசதி எவ்வளவு என்பதை அது காட்டுகிறது. ஆனால் நம்மில் பெரும்பாலானோர் ஒலிம்பிக்கை நினைத்துப் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. தொடர்மாடி வீட்டுக்குள்ளும் டியூஷன் வகுப்புக்குள்ளும் அடைபட்டுக் கிடக்கும் ஏழு வயதுப் பிள்ளை கொஞ்சம் ஓடட்டும், தொங்கட்டும், உருளட்டும் என்றுதான் சேர்க்கிறோம். அந்த நோக்கத்துக்கு எது நல்ல இடம் என்பதே இங்கே பேசவேண்டியது.

கொழும்பில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்பதற்குப் பாடசாலை, அரச விளையாட்டு நிலையம், தனியார் வகுப்பு என்று மூன்று வழி இருக்கிறது. பெரிய பாடசாலைகள் சிலவற்றில் அணி உண்டு, அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளுக்கும் பிள்ளைகள் போகிறார்கள். தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டமும் மெய்வல்லுநரும் கிரிக்கெட்டும் ஓரளவுக்கு நடக்கின்றன. ஆனால் பீம், பார் போன்ற உபகரணங்கள் வைக்க இடமும், அதற்குரிய பயிற்றுநரும் கிடைப்பது அரிது. ஆகவே வெள்ளவத்தைப் பிள்ளை பெரும்பாலும் கொழும்பு 7 பக்கமோ தெஹிவளைப் பக்கமோ போகவேண்டியிருக்கிறது. கொட்டாஞ்சேனைக்காரருக்குச் சுகததாச உள்ளரங்கம் கிட்டத்தட்ட நடந்து போகும் தூரம். ஆனால் பெரிய அரங்கம் அருகில் இருப்பதும், ஆறு வயதுப் பிள்ளைக்குரிய தொடக்க வகுப்பு அருகில் இருப்பதும் ஒன்றல்ல.

தூரம் என்ற கேள்வியைக் கொஞ்சம் வேறுவிதமாகப் பார்க்கவேண்டும். கொட்டாஞ்சேனையையும் வெள்ளவத்தையையும் 102ஆம் இலக்க பஸ் இணைக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் அந்த பஸ்ஸில் காலி வீதி நெரிசலுக்குள் நின்றபடி வந்து, இறங்கியதும் பீமில் ஏறும் பிள்ளையின் கால் நடுங்கத்தான் செய்யும். களைத்த பிள்ளைதான் விழும். காலையில் புலமைப்பரிசில் வகுப்பு, மத்தியானம் சங்கீதம், பின்னேரம் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று ஒரே நாளில் அடுக்குவது ஆபத்து. இதைப் பயிற்றுநர் கேட்டறிகிறாரா என்று பாருங்கள். வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம், இன்றைக்கு என்ன செய்துவிட்டு வருகிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்கும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே அவர்களிடம் பிள்ளையை விடலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

இந்த விளையாட்டு வளரும் உடம்பில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், ஏன் நிறுத்துவது முக்கியம் என்பது விளங்கும். பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் நுனியருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பருவ வயது முடியும் வரை அது முற்றாக இறுகாது, சுற்றியுள்ள தசைநாரைவிடப் பலவீனமாகவே இருக்கும். ஜிம்னாஸ்டிக்ஸில் கையே காலாகிவிடுகிறது. தலைகீழாக நிற்பது, கார்ட்வீல் அடிப்பது, பாய்ச்சல் மேசையில் கை ஊன்றுவது என்று உடம்பின் முழுப்பாரமும் திரும்பத் திரும்ப மணிக்கட்டில் இறங்குகிறது. ஓய்வில்லாமல் இது தொடர்ந்தால் ஆரை எலும்பின் கீழ்நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு பாதிக்கப்படும். விளையாட்டு வைத்தியர்கள் இதை ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்றே அழைக்கிறார்கள். குதித்துக் குதித்துத் தரையிறங்கும் பிள்ளைக்குக் குதிக்காலின் பின்புறம் நோகும். முதுகைப் பின்னோக்கி அளவுக்கு மீறி வளைத்துக்கொண்டேயிருந்தால், கீழ் முதுகெலும்பின் வளையத்தில் நுண்ணிய முறிவு வரலாம். இவை ஒரே நாளில் வருவதில்லை. வாரக்கணக்கில், சிறு வலியாகத் தொடங்கி வளர்வன. முதல் வாரத்திலேயே பயிற்றுநர் காதுகொடுத்துக் கேட்டு, கைக்குப் பாரம் தராத பயிற்சியைக் கொடுத்தால் பெரும்பாலானவை தாமாகவே ஆறிவிடும். நோகத்தான் செய்யும், தாங்கிக்கொள் என்றால் மாதக்கணக்கில் வீட்டில் இருத்தவேண்டி வரும்.

நான் பார்த்த வகுப்புகளில் ஒன்று மனதில் நிற்கிறது. வாடகை மண்டபம், பெரிய உபகரணம் ஒன்றுமில்லை. முழங்கால் உயரப் பெட்டி ஒன்று, அதன் முன்னால் தடித்த மெத்தை. ஆறேழு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வரிசையாக ஏறிக் குதித்தார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் அவர்கள் கற்றது தரையிறங்குவது மட்டும்தான். பாதங்கள் இடுப்பளவு விலகி முன்னோக்கி இருக்கவேண்டும், முழங்கால் மடியவேண்டும், உள்நோக்கிச் சாயக்கூடாது, கைகள் முன்னால், கண் நேரே. மூன்று எண்ணும் வரை அசையாமல் நிற்கவேண்டும். நிற்க முடியாவிட்டால் கையை ஊன்றித் தாங்காமல், நாடியை நெஞ்சோடு சேர்த்து உருண்டுவிடவேண்டும். விழும்போது கையை நீட்டுவது மனித இயல்பு. முழங்கையும் மணிக்கட்டும் உடைவது அதனால்தான். அந்த இயல்பை மாற்றி, உருளப் பழக்கினார்கள்.

ஒரு பெண்பிள்ளைக்கு அது போதவில்லை. பக்கத்தில் இருந்த இடுப்பளவு உயரப் பெட்டியைக் காட்டி, "சேர், நான் அதில இருந்து குதிக்கிறன்" என்றாள். பயிற்றுநர் அவளை மறுபடி சிறிய பெட்டியில் ஏறச் சொன்னார். குதித்தாள். "இப்ப உங்கட முழங்கால் ரெண்டும் ஒண்டோட ஒண்டு முட்டினது தெரிஞ்சுதா? அது முட்டாம பத்துத் தரம் நிண்டா அடுத்த கிழமை பெரிசில ஏறலாம்" என்றார். அவள் முகம் சுருங்கியது. ஓரத்தில் இருந்த தாய்க்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அந்த மண்டபத்தில் நடந்த மிகத் திறமான பயிற்சி அதுதான். ஏன் இன்னும் இல்லை என்பதைப் பிள்ளைக்கே விளங்கும்படி காட்டினார், எப்போது ஆம் என்பதற்கு ஒரு அளவும் கொடுத்தார்.

இதற்கு எதிரானதையும் பார்த்திருக்கிறேன். வேறோர் இடத்தில், கால்களை இருபுறமும் விரித்து ஸ்பிளிட்டில் இருந்த ஒரு சிறுமியின் தோளில் கைவைத்துப் பயிற்றுநர் கீழே அழுத்தினார். பிள்ளை அழுதாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எண்ணிக்கொண்டே அழுத்தினார். சுற்றியிருந்த பெற்றோர் யாரும் வாய் திறக்கவில்லை, அழாமல் வித்தை வருமா என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறியிருக்கிறது. நெகிழ்வுத்தன்மை தினமும் சிறிது சிறிதாக, பிள்ளை தானே இறங்கும் அளவுக்குள் வளர்வது. வெளியிலிருந்து பலவந்தமாக அழுத்தினால் தொடைத் தசையும் இடுப்பெலும்பில் அது பொருந்தும் இடமும் கிழியலாம். பிள்ளை கண்ணீர் விடும்வரை நீட்டி இழுப்பது நல்ல பயிற்சி முறையில்லை. அப்படி ஒரு காட்சியைப் பார்த்தால் அந்தக் கழகத்தைப் பற்றி வேறெதுவும் விசாரிக்கத் தேவையில்லை.

பயிற்றுநர் நிறுத்தாதபோது என்ன நடக்கும் என்பதற்கு இந்த விளையாட்டின் வரலாறே சாட்சி. சோவியத் வீராங்கனை எலேனா முகினா 1978இல் உலகச் சம்பியன். மறுவருடம் கால் முறிந்தது. அது சரியாக ஆறும் முன்னரே பயிற்சிக்கு இறக்கப்பட்டார். 1980 ஜூலையில், மொஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கையில், மின்ஸ்க் நகரில் தோமஸ் சால்டோ என்ற சுழற்சியைப் பழகும்போது நாடி தரையில் மோத, கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்தது. அப்போது அவருக்கு 20 வயது. 46 வயதில் இறக்கும்வரை அந்த நிலைதான். இது ஆபத்து என்று தான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கெரி ஸ்ட்ரக் முதல் பாய்ச்சலில் கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். அந்தக் காலோடு இரண்டாவது பாய்ச்சலுக்கும் ஓடி, ஒற்றைக் காலில் நின்று, விழுந்தார். உலகமே எழுந்து நின்று கைதட்டியது. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் அந்த இரண்டாவது பாய்ச்சல் இல்லாமலே அமெரிக்கா தங்கம் வென்றிருக்கும். கால் நூற்றாண்டு கழித்து, 2021 டோக்கியோவில், அதே நாட்டின் சிமோன் பைல்ஸ் அணி இறுதிப் போட்டியின் முதல் பாய்ச்சலிலேயே காற்றில் தான் எங்கே இருக்கிறேன் என்ற உணர்வு தப்புவதைக் கண்டு, தானாகவே விலகிக்கொண்டார். திட்டியவர்கள் பலர். அவரே 2024 பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் எடுத்தார். பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கதைகளில் எதைச் சொல்லி வளர்க்கிறார்கள் என்று கழகத்தில் கேட்டுப்பாருங்கள்.

உடம்புக் காயத்தைவிடக் கொடியதும் இந்த விளையாட்டுக்குள் நடந்திருக்கிறது. அமெரிக்கத் தேசிய அணியின் வைத்தியராக இருந்த லரி நசார், சிகிச்சை என்ற பெயரில் பல வருடங்களாகச் சிறுமிகளைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாக்கினார். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150க்கு மேற்பட்ட பெண்கள் எழுந்து சாட்சி சொன்னார்கள். அவருக்கு 40 முதல் 175 வருடம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது. பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே சில சம்பவங்கள் நடந்தன என்பது நெஞ்சைக் கலக்கும் உண்மை. பிரித்தானிய ஜிம்னாஸ்டிக்ஸில் நடந்த துன்புறுத்தல்களை விசாரித்து 2022 ஜூனில் வெளியான ஆன் வைட் அறிக்கைக்கு 400க்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் வந்தன. வலியோடு பயிற்சி செய்யவைத்தது, தண்ணீரும் கழிவறையும் மறுத்தது, எல்லார் முன்னாலும் எடை நிறுத்து அவமானப்படுத்தியது என்று அவற்றில் வந்தவை பல சாதாரண ஊர்க் கழகங்களில் நடந்தவை. லண்டனில் இருக்கும் நம் உறவினர் இன்று பிள்ளையைச் சேர்க்கும்போது, கழகம் பிரித்தானிய ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தில் பதிவானதா, பயிற்றுநரின் பொலிஸ் பின்னணி பரிசீலிக்கப்பட்டதா, பிள்ளைகள் நலனுக்கென்று ஓர் ஆள் நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்று பார்க்கலாம். அங்கேயே இவ்வளவு நடந்திருக்கிறது. இங்கே அந்தப் பரிசோதனையைப் பெற்றோர் தாங்களே செய்யவேண்டியிருக்கிறது.

எனவே முதல் நாளே கேட்கவேண்டியவை சில உண்டு. பயிற்றுநர் யாரிடம் கற்றார், எந்தச் சான்றிதழ் வைத்திருக்கிறார்? சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் பயிற்றுநர்களுக்கு மூன்று படிநிலைப் பயிற்சி நடத்துகிறது. உள்ளூர்ச் சங்கத்தின் பயிற்சிகளும் இருக்கின்றன. ஒருவர் நல்ல விளையாட்டு வீரராக இருந்தார் என்பது மட்டும் போதாது. வகுப்பு நடக்கும்போது பெற்றோர் உள்ளே இருக்கலாமா? இருக்கக்கூடாது, பிள்ளையின் கவனம் சிதறும் என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கண்ணாடிக் கதவாவது, எட்டிப் பார்க்கும் இடமாவது இருக்கவேண்டும். பயிற்சியில் பிள்ளையைத் தொடாமல் முடியாது. இடுப்பைப் பிடித்துத் திருப்பவேண்டும், முதுகைத் தாங்கவேண்டும். தொடும் முன் சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்கத் தொடுகிறாரா? தனி அறையில் மசாஜ், ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி வகுப்பு, பிள்ளையின் கைப்பேசிக்கு நேரே செய்தி அனுப்புவது என்று ஏதும் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை சொல்கிறது. வாடகை மண்டபத்தில் நடக்கும் வகுப்பின் சுவரில் எந்தச் சுற்றறிக்கையும் ஒட்டப்பட்டிருப்பதில்லை. ஆனால் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். பிள்ளைக்கும் அந்த இலக்கம் பாடமாக இருக்கட்டும்.

மொழி ஒரு பெரிய விஷயம், நம் ஆட்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கொழும்பில் பயிற்சி பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது, சில இடத்தில் ஆங்கிலத்தில். பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், நல்லதுதான், நண்பர்களும் கிடைப்பார்கள். ஆனால் கொட்டாஞ்சேனையில் தமிழ் மொழிமூலம் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளை, பாரில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கை வழுக்குகிறது என்று எந்த மொழியில் சொல்லும்? நோகிறது, பயமாக இருக்கிறது, வேண்டாம், நிறுத்துங்கள் என்பவற்றைப் பயிற்றுநரின் மொழியில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். பயிற்றுநரிடமும் சொல்லிவையுங்கள். தமிழில் நாலு வார்த்தை தெரிந்து வைத்திருக்கிற சிங்களப் பயிற்றுநர் ஒருவரைக் கண்டேன். அவர் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

உபகரணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். போட்டிப் பீம் 10 சென்டிமீற்றர் அகலம், 125 சென்டிமீற்றர் உயரம். தொடக்கப் பிள்ளைக்கு அந்த உயரம் தேவையே இல்லை, தரையில் கிடக்கும் பீமும், தரையில் ஒட்டிய கோடும் போதும். 2022 நெருக்கடியில் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதும், இறக்குமதி உபகரணங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதும் எல்லாக் கழகங்களையும் பாதித்தது. பழைய மெத்தைகளை வைத்தே ஓட்டுகிறார்கள், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மெத்தையை முழங்காலால் அழுத்திப் பாருங்கள். தரை தட்டுப்பட்டால் அது வெறும் துணிதான். இரண்டு மெத்தைக்கு இடையில் கால் மாட்டும் இடைவெளி இருக்கக்கூடாது. கடலோர ஊரில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், பாரின் ஆணிகளையும் கம்பிகளையும் யார், எப்போது பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். இந்தியாவில், திரிபுராவின் அகர்தலாவில் தீபா கர்மாக்கர் பழைய ஸ்கூட்டர் உதிரிகளால் செய்த உபகரணத்தில் பழகி, தட்டைப் பாதத்தையும் சரிசெய்துகொண்டு, 2016 ரியோ ஒலிம்பிக்கில் பாய்ச்சலில் நான்காவதாக வந்தார். சிறுவயது முதல் அவரை வளர்த்த பயிற்றுநர் பிஸ்வேஸ்வர் நந்தி. வசதி குறைந்த இடத்தில் நல்ல பயிற்சி நடக்கலாம். நல்ல பயிற்றுநர் இல்லாத இடத்தில் பளபளக்கும் மண்டபம் இருந்தும் பயனில்லை.

அவசரம் என்று வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டுவையுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்ட பிள்ளையைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். அது பிள்ளையை நிரந்தரமாக முடமாக்கிவிடலாம். அசைக்காமல் வைத்து 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்கவேண்டும் என்று பயிற்றுநர் தயங்காமல் சொன்னால் நிம்மதி. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் மிக நல்லது, ஆனால் அவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரு எலும்புகளுக்கிடையே இறுக்கம் குறைவு. வைத்தியர் பார்க்காமல் உருளவிடக்கூடாது. இதைத் தெரிந்த பயிற்றுநர் முதல் நாளே கடிதம் கேட்பார்.

பெண்பிள்ளைகளின் கதை தனி. சின்ன வயதில் ஆசையாக அனுப்புகிறோம், பெரியபிள்ளையானதும் நிறுத்திவிடுகிறோம். உடுப்புத்தான் முதல் காரணமாகச் சொல்லப்படும். அந்தக் காரணம் இன்று செல்லாது. 2021இல் முதலில் பாசலில் நடந்த ஐரோப்பியப் போட்டியிலும் பிறகு டோக்கியோவிலும் ஜேர்மனியப் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடையில் போட்டியிட்டார்கள். விதிகள் அதற்கு ஏற்கனவே இடம் கொடுத்திருந்தன. ஒரு கழகம் காற்சட்டை போட்டு வரும் பிள்ளையை ஏளனம் செய்தால் குறை கழகத்தினுடையது. மாதவிடாய் நாட்களைப் பற்றிப் பேசக்கூடிய பெண் பயிற்றுநரோ உதவியாளரோ இருக்கிறாரா என்று பாருங்கள். எடையைப் பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சாப்பாட்டைக் குறைத்து, கடும் பயிற்சி செய்யும் பெண்பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு மெலியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நீ குண்டு என்று சொல்லும் பயிற்றுநர் திறமைசாலியாக இருந்தாலும் விட்டு விலகுங்கள்.

பரீட்சையும் நம் வாழ்க்கையில் ஒரு பருவகாலம் மாதிரி. தரம் 5 புலமைப்பரிசில் வந்ததும் எல்லா விளையாட்டும் நின்றுபோகிறது. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்காகப் பரதநாட்டியமும் சங்கீதமும் தொடர்கின்றன, அறநெறி வகுப்பும் நடக்கிறது. முதலில் வெட்டுப்படுவது உடம்பை அசைக்கும் வகுப்புத்தான். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பிள்ளைக்குக் கொஞ்சம் வருகிறது என்று கண்டதும் வாரத்தில் ஐந்து நாள் வரச் சொல்லும் கழகம். பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒரே விளையாட்டில் ஒழுங்கான பயிற்சி வேண்டாம் என்பது விளையாட்டு வைத்தியர்கள் சொல்லும் பொது அளவு. எட்டு வயதுக்கு வாரம் எட்டு மணி என்பதே உச்சம், தொடக்கத்தில் இரண்டு மூன்று மணி தாராளமாகப் போதும். பரதம் பழகும் பிள்ளைக்கு உடம்பு வளையும், தாளம் தெரியும், கேட்டதைச் செய்யும். ஆனால் அரைமண்டியில் பாதம் பக்கவாட்டில் திரும்பும், ஜிம்னாஸ்டிக்ஸ் தரையிறக்கத்தில் பாதம் முன்னோக்க வேண்டும். இரண்டையும் பழகுகிறாள் என்பதைப் பயிற்றுநருக்கும் நடன ஆசிரியைக்கும் சொல்லிவையுங்கள். முழங்காலுக்கு எவ்வளவு பாரம் போகிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பணம் கட்டும்போது ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டாம். எவ்வளவு கழிவு கொடுத்தாலும் மாதாமாதம் கட்டுங்கள். முன்பணம் கட்டிய பெற்றோர் பிள்ளை நோகிறது என்று சொன்னாலும், கட்டின காசு வீணாகிறதே என்று அனுப்பிவிடுகிறார்கள். முதல் மாதத்தில் இரண்டு மூன்று தடவை சொல்லாமல் போய் நின்று பாருங்கள். பிள்ளையிடம் இன்று என்ன புதிதாகச் செய்தாய் என்று மட்டும் கேட்காமல், யார் விழுந்தது, விழுந்ததும் சேர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். மற்றப் பிள்ளைக்கு நடந்ததைப் பிள்ளைகள் மறைக்காமல் சொல்வார்கள்.

இவ்வளவும் பார்த்து ஒரு கழகமும் தேறவில்லை என்றால் காத்திருங்கள். நாலு வயதில் தொடங்காவிட்டால் வண்டி போய்விடும் என்று விளம்பரங்கள் சொல்வதை நம்பவேண்டாம். பெண்கள் பிரிவில் 16 வயது நிறையும் ஆண்டுக்கு முன் ஒலிம்பிக்கில் இறங்கவே முடியாது. 1997 முதல் அதுதான் விதி. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிடினா தன் எட்டாவது ஒலிம்பிக்கில் டோக்கியோவில் இறங்கியபோது அவருக்கு 46 வயது. உங்கள் பிள்ளை எட்டு ஒன்பது வயதில் தொடங்கினாலும் மகிழ்ச்சியாகவும் பலமாகவும் வளர இந்த விளையாட்டில் நிறைய இடமிருக்கிறது. அதுவரை நீச்சலுக்கு அனுப்புங்கள், பாடசாலை மெய்வல்லுநரில் ஓடட்டும். வீட்டில் பழைய மெத்தையை விரித்து, நாடியை நெஞ்சோடு சேர்த்து உருளப் பழக்குங்கள்.